வாலை அறுத்தோம், தலைப்பெழுத்தை?

நாம் பணியாற்றும் பள்ளி வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றிலே இருக்கிறது. எட்டாம் வகுப்பிலே ஒரு நாள் பிற நாடுகளின் ஆட்சிமுறை பற்றிப் பேச்சு வந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் பெயர்களைக் கரும்பலகையிலே வரிசையாக எழுதிக்கொண்டிருந்தோம். பாதி எழுதுமுன்பே ஒரு சிறுமி எழுந்து நின்றாள். “ஐயா, ஆடம்ஸ் என்று முன்பே எழுதிவிட்டீர்கள், மறுபடியும் எழுதுகிறீர்களே!” என்றாள். ஆசிரியரின் பிழையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் அவள் முகத்திலே!

பிழையன்று என்று விளக்கினோம். ஜான் ஆடம்ஸ் 1797 முதல் 1801 வரை தலைவர். அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1825 முதல் 1829 வரை தலைவர். அதன்பின் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஹாரிசன் இருமுறை வருகிறது: 1841இல் பதவியேற்று ஒரே திங்களில் மறைந்த பாட்டன், 1889இல் பதவியேற்ற பேரன். ரூசுவெல்ட் இருமுறை வருகிறது: 1901இல் ஒருவர், 1933இல் ஒருவர், இருவரும் தொலைவான பங்காளிகள். புஷ் இருமுறை வருகிறது: 1989இல் தந்தை, 2001இல் மகன். ஜான்சன் என்ற பெயரும் இருமுறை வரவே, “அவர்களும் அப்பா பிள்ளைதானே?” என்று வகுப்பே கூவிற்று. இல்லை என்றோம். 1865இலே லிங்கன் கொலையுண்டபின் பதவிக்கு வந்தவர் ஆண்ட்ரூ ஜான்சன். 1963இலே கென்னடி கொலையுண்டபின் பதவிக்கு வந்தவர் லிண்டன் ஜான்சன். பெயரும் ஒன்று, வந்த வழியும் ஒன்று. உறவு மட்டும் இல்லை.

அப்போது ஒரு சிறுவன் கேட்டான்: “நம் புதுவை முதலமைச்சர்கள் பட்டியலிலே இப்படி ஒரே பெயரிலே இரண்டு பேர் இல்லையே, ஐயா! அப்படியானால் நம் ஊரிலே அப்பா பதவிக்குப் பிள்ளை வருவதில்லையா?”

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஓடிவிட்டனர். அந்தக் கேள்வி மட்டும் ஓடவில்லை. நம்மோடு வீட்டுக்கு வந்தது. வகுப்பிலே சொல்லமுடியாமற் போன விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நம் பட்டியலிலே பெயர் திரும்ப வராமைக்குக் காரணம் எளியது. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்பது வழக்கமில்லை. நமக்கு உள்ளது தலைப்பெழுத்து. தந்தையின் பெயரிலே முதல் எழுத்தை எடுத்துப் பிள்ளையின் பெயருக்கு முன்னே வைக்கிறோம். பேரன் காலத்திலே அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. ஆகவே ஆடம்ஸ், புஷ் என்பன போலத் தலைமுறை தோறும் இறங்கிவரும் சொல் நம்மிடம் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, “குடும்பப் பெயரே இல்லாத மக்களிடம் குடும்ப ஆட்சி எங்கிருந்து வரும்?” என்று பெருமை பேசுவோர் உண்டு. “சாதிவாலையும் அறுத்துவிட்டோம், பரம்பரைப் பெயரும் இல்லை, இனிப் பிறப்பால் வரும் பெருமை எது?” என்று மார்தட்டுவோரும் உண்டு. மார்தட்டுவது எளிது. அந்த மார்பிலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பதுதான் கடினம். படித்துப் பார்ப்போம்.

முதலிலே புதுவையின் பழங்கதை ஒன்று. குடும்பப் பெயர் என்ற ஒன்றைச் சட்டத்தின் வாயிலாகவே பெற்றுக்கொண்ட தமிழர் இந்த மண்ணிலே உண்டு. 1873ஆம் ஆண்டு பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர், ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். இந்தியன் அவ்வாறு வரலாகாது என்று தடுத்தனர். அவர் பாரிசு வரை சென்று வழக்காடி வென்றார். பின்னர் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, சமயம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின்கீழ் வர விரும்பும் இந்தியர் அவ்வாறே வரலாம். வருவோர் தமக்கெனக் குடும்பப் பெயர் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பொன்னுத்தம்பி தெரிந்தெடுத்த பெயர் லப்போர்த். பிரெஞ்சு மொழியிலே அதற்கு ‘வாயில்’ என்று பொருள்.

எவ்வளவு அழகான பெயர்! சாதி என்ற சிறையிலிருந்து வெளியேறுகிறவன் தனக்கு ‘வாயில்’ என்று பெயர் வைத்துக்கொள்கிறான். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். அவர் அந்தப் பெயரைத் தெரிந்தெடுத்தார். அவர் வழியிலே வருவோர் அதைத் தெரிந்தெடுக்கவில்லை, பெற்றனர். விடுதலையாக வந்த பெயர் அடுத்த தலைமுறையிலே சொத்தாக மாறிவிடுகிறது. இது அவர் குற்றமன்று. குடும்பப் பெயரின் இயல்பே அது. இந்த இயல்பை மனத்திலே குறித்துக்கொண்டு மேலே செல்வோம். இது மறுபடியும் நம் முன் வந்து நிற்கப்போகிறது.

பிரெஞ்சு எல்லைக்கு அப்பால், தமிழகத்திலே, வேறொரு வழி காணப்பட்டது. புதிய பெயர் சேர்ப்பதன்று, பழைய வாலை அறுப்பது. 1927ஆம் ஆண்டின் இறுதியிலே ‘குடி அரசு’ ஏட்டிலே பெரியாரின் பெயருக்குப் பின்னாலிருந்த ‘நாயக்கர்’ மறைந்தது. 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, சாதியைக் காட்டும் பட்டங்களை மக்கள் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. முதலியாரும் பிள்ளையும், நாடாரும் ரெட்டியாரும் தம் பெயரின் வாலைத் தாமே அறுத்தெறிந்தனர். இந்தியாவின் பிற பகுதிகளிலே இன்றும் ஒருவரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவர் சாதி தெரிகிறது. தமிழ்நாட்டிலே அவ்வாறு தெரிவதில்லை. இது சிறிய செயலன்று. நம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலே நாற்பது பெயர்கள் இருக்கின்றன. ஒன்றிலேனும் வால் இல்லை. அந்தப் பதிவேட்டை நாள்தோறும் படிக்கும்போது, 1929இலே கூடியவர்களை நன்றியோடு நினைக்காமல் இருக்கமுடிவதில்லை.

ஆனால் நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. வால் போன பின் என்ன நின்றது? தலைப்பெழுத்து நின்றது! அது எத்தனை வலிமையுள்ள எழுத்து என்பதை நம் ஊர் வரலாறே காட்டுகிறது.

வெங்கடசுப்பா ரெட்டியார் 1964இலே புதுவையின் முதலமைச்சரானார். 1968இலே மறுபடியும் அந்தப் பொறுப்பை வகித்தார். அவர் மகன் வெ. வைத்திலிங்கம் 1991 முதல் 1996 வரையிலும், 2008 முதல் 2011 வரையிலும் முதலமைச்சராயிருந்தார். 2019இலும் 2024இலும் புதுவையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தையின் பெயரிலே ‘ரெட்டியார்’ இருந்தது. மகன் பெயரிலே இல்லை. சீர்திருத்தத்தின் வெற்றி என்று மகிழலாம். ஆனால் ‘வெ’ என்ற ஓர் எழுத்து நிற்கிறதே! அந்த ஓரெழுத்துக்குள்ளே ஒரு முதலமைச்சரின் முழுப்பெயரும் அடங்கியிருக்கிறது. பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கு அது தெரிவதில்லை. வாக்காளனுக்கோ நன்றாகவே தெரிகிறது.

மும்முறை முதலமைச்சராயிருந்த எம்.ஓ.எச். பாரூக்கைப் பாரூக் மரைக்காயர் என்றும் அழைப்பர். அவர் மகன் 2016இலே அமைந்த அமைச்சரவையிலே இடம்பெற்ற எம்.ஓ.எச்.எப். ஷாஜகான். இங்கும் ‘மரைக்காயர்’ என்ற பட்டம் மகனிடம் வரவில்லை. ஆனால் தந்தையின் தலைப்பெழுத்துகள் மூன்றும் அப்படியே வந்து, தந்தையின் பெயருக்காக நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கரின் குடும்பப் பெயராவது ஒரே அளவிலே நிற்கிறது. நம் தலைப்பெழுத்தோ தலைமுறைக்கு ஒன்றாக வளர்கிறது!

இவர்களைத் தகுதியற்றவர் என்று நாம் கூறவில்லை. தேர்தலிலே நின்று, மக்கள் வாக்கைப் பெற்றே இருவரும் பொறுப்புக்கு வந்தனர். நாம் கூறுவது ஒன்றுதான்: ஒரே பெயர் திரும்ப வராமையால் நம்மிடம் வழிவழிப் பதவி இல்லை என்பது பொய்க்கணக்கு. அமெரிக்கரிடம் அது பெயரின் கடைசியிலே வெளிப்படையாகத் தொங்குகிறது. நம்மிடம் பெயரின் முன்னே ஒரு புள்ளியோடு ஒளிந்து நிற்கிறது. கண்ணிலே படுவது கறை; படாதது தூய்மை என்று எண்ணுவது அறிவுடைமையா?

புதுவையை விட்டுத் தமிழ்நாட்டைப் பார்த்தால், காட்சி இன்னும் கூர்மையானது. இங்கே நாம் நம் இல்லத்தையே ஆராய்கிறோம். ஆகவே கூசாமல் ஆராய்வோம். திராவிட இயக்கம் உறவுச் சொற்களால் வளர்ந்த இயக்கம். காஞ்சியிலே பிறந்த அண்ணாதுரை எல்லோருக்கும் ‘அண்ணா’வானார். அவர் ஏட்டிலே எழுதிய மடல்களிலே ஊர் பேர் அறியாத இளைஞரெல்லாம் ‘தம்பி’யாயினர். குருதியின் தொடர்பின்றி, கொள்கையின் தொடர்பால் அமைந்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்திலே பிறப்பதற்குத் தாய் தந்தையர் வேண்டியதில்லை. படிப்பகத்தின் படியேறினால் போதும். இன்னும் ஒன்று. 1949இலே கழகம் பிரிந்ததற்கு உடனடிக் காரணமாயிருந்ததே, இயக்கத்தின் உடைமைக்கும் தலைமைக்கும் பின்னுரிமை யாருக்கு என்ற சிக்கல்தான். பெரியாரின் திருமணத்தை அண்ணா முதலியோர் எதிர்த்தது அதன் பொருட்டே. எந்தப் பக்கம் நியாயம் என்ற வழக்கை இங்கே தொடரவேண்டாம். பின்னுரிமையை ஒரு சிக்கலாகக் கருதி உள்ளம் குமுறிய காலம் ஒன்று இருந்தது என்பதை மட்டும் நினைவிலே கொள்வோம்.

பிறகு? மு. கருணாநிதி 1969இலே முதலமைச்சரானார். அவர் மகன் மு.க. ஸ்டாலின் 2021இலே முதலமைச்சரானார். பேரன் உதயநிதி ஸ்டாலின் 2024இலே துணை முதலமைச்சரானார். மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். ‘மு’ என்பது ‘மு.க.’ ஆகிறது, பாட்டனும் தந்தையும் இரண்டு எழுத்துகளிலே குடியிருக்கின்றனர். மூன்றாம் தலைமுறையிலே எழுத்து போதவில்லை; தந்தையின் பெயரே முழுச்சொல்லாகப் பின்னே வந்து நிற்கிறது.

அந்தச் சொல்லின் வரலாறும் எண்ணத்தக்கது. 1953 மார்ச்சு முதல் நாள் பிறந்த குழந்தைக்கு, அடுத்த சில நாள்களிலே மறைந்த சோவியத்து நாட்டுத் தலைவரின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் ஸ்டாலின் என்பது அந்தத் தலைவருக்கே குடும்பப் பெயரன்று. அவர் குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. அதை விட்டுவிட்டு, எஃகு என்ற பொருளிலே அவர் தாமே வைத்துக்கொண்ட புனைபெயரே ஸ்டாலின். பிறப்புப் பெயரைக் களைந்த ஒருவன் புனைந்துகொண்ட பெயர், சென்னையிலே ஒரு குடும்பத்தின் பெயராய் இறங்கி வருகிறது! முன்னே குறித்துக்கொள்ளச் சொன்ன இயல்பு இதுதான். லப்போர்த்தின் கதையும் இதுவே. தெரிந்தெடுத்த பெயர் பெற்ற பெயராகிவிடுகிறது. துறவியின் ஆடையும் தலைமுறை தாண்டினால் குடும்பச் சொத்தாகிவிடுகிறது.

ஒரு கட்சியை மட்டும் சுட்டுவது நேர்மையன்று. 1989இலே பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கியவர் மருத்துவர் ராமதாஸ்; மகன் அன்புமணி ராமதாஸ். இந்தியா முழுவதையும் ஆண்ட காங்கிரசிலே, நேருவின் மகள் இந்திரா, பேரன் ராசீவ். நேரு என்ற பெயர் மகளின் மணத்தோடு காந்தியாயிற்று. அதுவும் கணவர் பெரோசின் பெயரேயன்றி, காந்தியடிகளின் வழி வந்ததன்று. உறவில்லாத பெயர் ஒற்றுமை அமெரிக்காவிலே இரண்டு ஜான்சன்களைக் குழப்பிற்று. இங்கே ஒரு நாட்டையே மயக்கிற்று.

“மருத்துவர் மகன் மருத்துவராகலாம், உழவர் மகன் உழவராகலாம், அரசியல்வாதி மகன் மட்டும் அரசியலுக்கு வரலாகாதா?” என்று கேட்பர். கேட்கத் தகுந்த கேள்விதான். வரலாம்! பிறப்பைக் காட்டி ஒருவனுக்கு வாயிலைத் திறப்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு பிறப்பைக் காட்டி வாயிலை அடைப்பதும். இரண்டாம் ஆடம்சையே பாருங்கள். தந்தையின் பெயர் அவருக்குத் துணை நின்றது உண்மை. ஆனால் தலைவர் பதவி போன பின், 1831 முதல் இறக்கும் வரை சாதாரண உறுப்பினராக மக்கள் அவையிலே அமர்ந்து, அடிமை முறையை எதிர்த்து வாதாடினார். 1841இலே அமிஸ்டாட் கப்பலின் ஆப்பிரிக்கருக்காக உச்ச நீதிமன்றத்திலே நின்றார். மகன் என்பதற்காக அவரைத் தள்ளியிருந்தால் இழப்பு யாருக்கு?

மருத்துவர் மகன் மருத்துவராவதற்கு முன், யாரோ மகளோடும் யாரோ மகனோடும் ஒரே கூடத்திலே உட்கார்ந்து தேர்வு எழுதுகிறான். தோற்றால் வெளியே நிற்கிறான். அரசியலிலே அந்தக் கூடம் எது? அந்தத் தேர்வு எது? இதுதான் நம் கேள்வி.

அமெரிக்காவிலே அந்தக் கூடத்துக்குப் பெயர் முன்தேர்தல். கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைவரின் அறையிலே முடிவு செய்வதில்லை. வாக்காளரே வாக்களித்து முடிவு செய்கின்றனர். 2016இலே மூன்றாவது புஷ் ஒருவர் தலைவர் பதவிக்கு முயன்றார். ஒருவரின் மகன், ஒருவரின் தம்பி, தாமும் புளோரிடாவின் ஆளுநராயிருந்தவர். முன்தேர்தலின் தொடக்கக் கட்டத்திலேயே விலக நேர்ந்தது. 2020இலே கென்னடி குடும்பத்து இளைஞர் ஒருவர், அக்குடும்பத்தின் கோட்டையான மாசசூசெட்ஸ் மாநிலத்திலே மேலவைப் பதவிக்கு முயன்றார். அப்போது உறுப்பினராயிருந்த எட் மார்க்கி, பால் வண்டி ஓட்டியவரின் மகன். முன்தேர்தலிலே மார்க்கியே வென்றார். அந்த மாநிலத்திலே ஒரு கென்னடி தேர்தலிலே தோற்றது அதுவே முதன்முறை. இன்னொன்றும் உண்டு. 1961இலே கென்னடி தம் தம்பியையே தலைமைச் சட்ட அலுவலராக அமர்த்தினார். 1967இலே, பொறுப்பிலிருப்போர் தம் உறவினரை அரசுப் பணியிலே அமர்த்தலாகாது என்று சட்டம் வந்தது. அமெரிக்கர் தூயவர் என்று நாம் கூறவில்லை. அங்கே பணத்தின் ஆட்சி வேறொரு பெருங்கதை. ஆனால் பெயரைத் தடுத்து நிறுத்தி, “நில், நீ யார்?” என்று கேட்கும் வாயிற்காவலன் ஒருவன் அங்கே இருக்கிறான். நம் கட்சிகளிலே வேட்பாளரைத் தெரிந்தெடுப்பவர் தலைவர். தலைவரைத் தெரிந்தெடுப்பது பெரும்பாலும் தலைப்பெழுத்து!

கட்சிக்குள்ளே வாயில் இல்லையென்றால், ஊருக்குள்ளேயாவது உண்டா? இங்கேதான் வில்லியனூரும் பாகூரும் பேசவேண்டும்.

பிரெஞ்சு ஆட்சி 1880இலேயே இந்த மண்ணிலே கொம்யூன்களை அமைத்தது. ஊர்ச் சபையும் அதற்கு மேர் என்ற தலைவரும் ஏற்பட்டனர். அந்தத் தேர்தல்களிலே நடந்த அடிதடியையும் சாதிக் கட்டையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் ஊர்ச் சபை உறுப்பினர் என்ற பதவி ஒன்று ஊரிலே இருந்தது. 1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரிலே, புதுவை இந்தியாவோடு இணைவதா என்று வாக்கெடுப்பு நடந்ததே, அதிலே வாக்களித்தவர் யார்? மக்கள் பிரதிநிதி சபையின் உறுப்பினரும், ஊர்ச் சபைகளின் உறுப்பினரும்! 178 பேர் வாக்களித்தனர்; 170 பேர் இணைப்பை ஆதரித்தனர்; 8 பேர் எதிர்த்தனர். ஒரு நாட்டின் எதிர்காலத்தையே முடிவு செய்யும் தகுதி ஊர்ச் சபை உறுப்பினருக்கு அன்று இருந்தது.

அப்படிப்பட்ட பதவிக்குப் பின்னாளிலே என்ன நேர்ந்தது? 1968இலே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடந்த ஆண்டு 2006! இடையிலே 38 ஆண்டுகள்! 1973இலே கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1993 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வேண்டும் என்று இந்திய அரசியல் சட்டமே கட்டளையிட்டது. இருந்தும் 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2006இலே தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இலே முடிந்தது. 2021இலே மறுபடியும் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இட ஒதுக்கீடு பற்றிய வழக்குகளுக்கிடையே அதுவும் நின்றுபோயிற்று. ஐந்து நகராட்சிகளும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் 98 ஊர்ப் பஞ்சாயத்துகளும் சட்டப் புத்தகத்திலே இருக்கின்றன. நாற்காலியிலே மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன.

“இதற்கும் குடும்பப் பெயருக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது, நெருங்கிய தொடர்பு. ஊரிலே உறுப்பினர் இல்லாதபோது, தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மக்கள் எங்கே போவர்? சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்கே போவர். புதுவையிலே 30 தொகுதிகள். 2021இலே வாக்காளர் சற்றேறக்குறைய 10 இலட்சம். தொகுதி சிறியது, ஆதலால் உறுப்பினர் ஒவ்வொரு வீட்டையும் அறிவார், ஒவ்வொரு வீடும் அவர் வாசலை அறியும். பிறப்பு, இறப்பு, திருமணம், பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாசல். முப்பது ஆண்டு அந்த வாசலிலே நின்று பழகியவன், பெரியவர் மறைந்தால் அதே வாசலிலே அவர் பிள்ளையைத் தேடுகிறான். அவனுக்குத் தெரிந்த வேறு வாசல் இல்லையே! அவனை அடிமைப் புத்தியன் என்று நாம் இகழ்வதிலே பொருளில்லை.

பாகூர் ஏரிப் பாசனத்திலே உழும் ஓர் உழவன் மகள், பட்டம் பெற்றவள், ஊர்ப்பணியிலே நாட்டமுடையவள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எங்கே தொடங்குவாள்? வார்டு உறுப்பினராக நின்று, தெருவிலே வாக்குக் கேட்டு, ஐந்தாண்டு பணிசெய்து, ஊராரிடம் நற்பெயர் பெற்றால், பிறகு சட்டமன்றத்துக்கு நிற்கலாம். அதுதான் தலைப்பெழுத்தின் துணையில்லாத பிள்ளைகளின் தேர்வுக்கூடம். உள்ளாட்சியிலே மூன்றிலொரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டமே கூறுகிறது. அந்தக் கூடத்தைப் பூட்டிவிட்டால்? ஏணியின் அடிப்படிகளை உருவிவிட்டு, “திறமையுள்ளவர் ஏறி வாருங்கள்” என்று அழைப்பது போலாகும். அடிப்படியில்லாத ஏணியிலே யார் ஏறமுடியும்? தந்தையின் தோள்மீது நிற்பவரே ஏறமுடியும்.

2021இலே அமைந்த புதுவைச் சட்டமன்றத்திலே தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில் ஒரே ஒருவர் பெண்: நெடுங்காடு தனித்தொகுதியின் சந்திர பிரியங்கா. அவர் மறைந்த அமைச்சர் சந்திரகாசுவின் மகள். அமைச்சரும் ஆனார். இதைக் குடும்ப அரசியல் என்று எள்ளி நகையாடிவிட்டுப் போவது எளிது. நாம் அவ்வாறு செய்யவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து ஒரு பெண் அந்த அவைக்குள் நுழையத் தந்தையின் பெயர் தேவைப்பட்டது என்பதுதான் நம்மைச் சுடுகிறது. 2023இலே அவர் பதவி விலகியபோது, சாதி வேற்றுமையையும் பால் வேற்றுமையையும் காரணமாகக் குறிப்பிட்டார். தந்தையின் பெயர் வாயிலைத் திறந்தது. உள்ளே இருந்த சாதியை அதனால் விரட்டமுடியவில்லை. வாலை அறுத்துவிட்டோம் என்று மார்தட்டுவோர் இந்த இடத்திலே சற்று நின்று எண்ணட்டும்.

அப்படியானால் தலைப்பெழுத்தையும் அறுத்துவிடலாமா? அறுத்தால் தீர்ந்துவிடுமா? தீராது என்பதே நம் விடை. பெயரைத் திருத்திப் பிறப்பின் ஆதிக்கத்தை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையிலே ஒரு பாதி உண்மை உண்டு. மறு பாதி குறை. 1881இலே பெயரை மாற்றினோம். 1929இலே பெயரைச் சுருக்கினோம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் பெயருக்குப் பின்னே இருந்த வாசலை மாற்றவில்லை. வாசல் ஒன்றே ஒன்றாக இருக்கும் வரை, அதன் திறவுகோலுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது பரம்பரைச் சொத்தாகவே ஆகும்.

பெயரைப் பற்றிய நல்ல பாடம் ஒன்றையும் புதுவையே தருகிறது. கனகசபையின் மகன் சுப்புரத்தினம் ஒரு பள்ளி ஆசிரியர். தந்தை வழிப் பெயரையோ சாதிப் பட்டத்தையோ அவர் தம் பாட்டுக்கு முத்திரையாக்கவில்லை. தாம் ஆசானாகக் கொண்ட ஒருவரின் பெயரை விரும்பி எடுத்துப் பாரதிதாசன் ஆனார். 1955இலே புதுவைச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறப்பினால் வந்த தொடர்பன்று அது. படிப்பினால் வந்த தொடர்பு. குருதியால் வாராத உறவைப் பெயரிலே தாங்கியவர் இந்த ஊரிலே வாழ்ந்தார் என்று நம் மாணவரிடம் சொல்லும்போது, நமக்கும் சற்றே நிமிர்ந்து நிற்கத் தோன்றுகிறது.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டே. கட்சிகள் தம் வேட்பாளரைத் தொண்டரின் வாக்கினாலே தெரிந்தெடுக்கட்டும். தலைவரின் பிள்ளையும் அந்த வரிசையிலே நிற்கட்டும், வென்றால் வரட்டும். ஊர்ச் சபைத் தேர்தல் ஐந்தாண்டு தவறாமல் நடக்கட்டும். கீழூரிலே நாட்டின் எதிர்காலத்தை முடிவு செய்த பதவிக்கு அதன் மதிப்பு திரும்பட்டும். இவ்விரண்டும் நடந்தால் தலைப்பெழுத்து வெறும் எழுத்தாகிவிடும். நடவாவிட்டால், எழுத்தே இல்லாமற் செய்தாலும் அது தலையெழுத்தாகவே நிற்கும்.

அடுத்த நாள் வகுப்புக்குச் சென்றபோது அந்தச் சிறுவனை அழைத்தோம். “நம் ஊரிலும் அப்பா பதவிக்குப் பிள்ளை வருவதுண்டு, நம் வழக்கப்படி பெயரின் முன்னே ஒளிந்து வருகிறது” என்றோம். அவன் சற்று நேரம் எண்ணினான். “எங்கள் அப்பா நெல் அறுக்கப் போகிறார், ஐயா. என் தலைப்பெழுத்திலே என்ன வரும்?” என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு நாம் ஒருவராக விடை கூறிவிட முடியாது. வில்லியனூரும் பாகூரும் கூறவேண்டும். நெட்டப்பாக்கமும் மண்ணாடிப்பட்டும் கூறவேண்டும். அவன் வாக்களிக்கும் வயதை எய்துமுன் கூறவேண்டும்.